முதுகு ஊசியும் செம்மறி ஆடும்

"டாக்டர், கிறுகிறுன்னு வருது, குமட்டுது." சிசேரியன் மேசையில் படுத்திருக்கும் பெண் இப்படிச் சொன்னால், மயக்க மருத்துவர் உடனே ரத்த அழுத்தத்தைப் பார்ப்பார். முதுகு ஊசி போட்ட சில நிமிடங்களில் அது மளமளவென்று இறங்குவது வாடிக்கை. தடுக்க எதுவும் செய்யாவிட்டால், பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இறங்கிவிடும்.

ஊசி வலியை மட்டும் மரக்கச் செய்வதில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பரிவு நரம்புகளும் சேர்ந்தே மரத்துப்போகின்றன. பிடி தளர்ந்ததும் குழாய்கள் அகன்று, ரத்தம் கால்களில் தேங்குகிறது. போதாக்குறைக்கு, மல்லாந்து படுத்தால் நிறைமாத வயிறு பெருஞ்சிரையை அமுக்கும். தாய்க்குக் குறையும் ரத்தம் நஞ்சுக்கொடிக்கும் குறையும்.

வலது இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து, 15 டிகிரி இடப்பக்கம் சாய்ப்பது பழைய வழக்கம். 2015-ல் ஜப்பானில் கர்ப்பிணிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, 15 டிகிரியில் சிரை விரியவில்லை, 30 தேவைப்பட்டது. அவ்வளவு சாய்த்தால் அறுவை மருத்துவர் பாடு திண்டாட்டம்தான். ட்ரிப்ஸை ஊசிக்கு முன்பே ஏற்றி வைப்பதைவிட, ஊசி போடும்போதே வேகமாக விடலாம். அதுவும் தனியாகப் போதாது.

காப்பாற்றுவது மருந்துதான். அதில்தான் ஆடு வருகிறது. 1970-களில் சினைச் செம்மறி ஆடுகளில் சோதித்தபோது, எஃபெட்ரின் கருப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கவில்லை. குழாய்களை இறுக்கும் மற்ற மருந்துகள் குறைத்தன. பிறகென்ன, பல பத்தாண்டுகளுக்கு எஃபெட்ரின்தான் ராஜா. குழாய்களை இறுக்கும் ஃபினைலெஃப்ரின் பக்கம் போகவே பயந்தார்கள்.

பெண்களிடமே இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது கதை மாறியது. முன்பு நடந்த ஆய்வுகளை ஹாங்காங் மருத்துவர்கள் தொகுத்து 2002-ல் வெளியிட்டார்கள். எஃபெட்ரின் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குத்தான் தொப்புள்கொடி ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுதல். அந்த மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து உள்ளே போய், குழந்தையின் வளர்சிதை மாற்றத்தை முடுக்கிவிடுகிறது. ஆட்டின் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான்.

2018-ல் வெளியான பன்னாட்டுப் பரிந்துரை ஃபினைலெஃப்ரினையே முதலில் வைத்தது. அழுத்தம் விழுந்த பிறகு தூக்கிவிடுவதல்ல நோக்கம். ஊசி போட்ட கையோடு சிரிஞ்ச் பம்பில் சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, விழாமலே பிடிப்பது. மேல் அழுத்தம் 120 இருந்த பெண்ணுக்கு 108-க்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். இதிலும் ஒரு தொல்லை உண்டு: இதயத் துடிப்பு மெதுவாகலாம். அதனால் நார்அட்ரினலினைச் சிறு அளவில் கொடுத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.