ஊதுவது எத்தனை பேர்?

கொல்கத்தாவின் பேண்டு வாத்தியத் தெருவில் சிவப்புக் கோட்டுகள் இன்னும் ஆணியில் தொங்குகின்றன. ரசிகர்களின் வாக்குவாதமும் ஓயவில்லை.

மாப்பிள்ளை குதிரை மேல். அவருக்கு முன்னால் சிவப்புக் கோட்டும் தங்க நிறச் சரிகையுமாக 21 பேர். இருபுறமும் தலையில் விளக்குச் சுமையுடன் ஒரு வரிசை. பின்னால் புகை கக்கியபடி தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். கொல்கத்தாவின் படா பஜார் சந்து ஒன்றில் பாராத் ஊர்வலம் நகர்கிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டம் மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்க்கிறது. பழகிய ரசிகர் அதைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது கன்னங்களை. எந்தக் கன்னம் உப்புகிறது, எது உப்பவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

காரணம் உண்டு. பேண்டு பார்ட்டிகளுக்கு 11 பேர், 21 பேர், 31 பேர் என்று தலைக்கணக்கில்தான் பேரம். கல்யாண வீட்டாருக்கு வேண்டியது வரிசையின் நீளம். பேண்டு முதலாளிக்கு வேண்டியது கட்டுப்படியாகும் சம்பளம். இரண்டுக்கும் நடுவே பிறந்தவர்தான் 'நிற்கிற ஆள்'. சீருடை உண்டு, கையில் பளபளக்கும் வாத்தியம் உண்டு, காற்று மட்டும் அதற்குள் போகாது. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் மெட்டைச் சுமக்க, யூஃபோனியம் ஒத்துழைக்க, டிரம்கள் தாளம் கொடுக்க, மற்றவர்கள் நடக்கிறார்கள். இது இந்தியா முழுக்க இருக்கிற பழக்கம்; ஊரறிந்த ரகசியம். ஒரு பார்ட்டியைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் முதல் பாராட்டும் இதிலிருந்தே வருகிறது: அதில் எல்லோரும் ஊதுகிறார்கள்.

ஹௌரா பாலத்திலிருந்து சியால்தா ரயில் நிலையம் வரை ஓடும் மகாத்மா காந்தி சாலை பழைய காலத்தில் ஹாரிசன் ரோடு. ஒரு முனையில் மொத்த வியாபாரச் சந்தை, நடுவே காலேஜ் ஸ்ட்ரீட்டின் புத்தகக் கடைகள். இவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் பேண்டு கடைகள். பெரும்பாலும் ஒரு ஆள் கையை விரித்தால் இரு சுவரையும் தொடுகிற அகலம். வாசலில் வண்ணப் பெயர்ப்பலகை, உள்ளே கண்ணாடிப் பெட்டியில் தொப்பிகள், சுவரில் சூசபோனின் பெரிய பித்தளை வாய். இவற்றில் ஊருக்கு வெளியேயும் பெயர் தெரிந்தது மெஹபூப் பேண்டு. மற்றவை கல்யாண முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டு நேராகத் தெருவுக்கு வருகிறவர்களை நம்பி இருக்கின்றன.

வாடிக்கையாளர்களில் மார்வாடிகள், பிகாரிகள், பஞ்சாபிகள் அதிகம். வங்காளிக் கல்யாணத்தில் பாராத் ஆர்ப்பாட்டம் பழைய வழக்கமல்ல. அங்கே ஷெனாய்தான் மங்கள வாத்தியம். வங்காளிகளுக்குப் பேண்டு தேவைப்படுவது கல்யாணத்தைவிட பூஜைக்குத்தான். துர்க்கையையும் காளியையும் கங்கையில் கரைக்கப் போகும்போது பேண்டோ தாஷா பார்ட்டியோ கூட நடக்க வேண்டும். கார்த்திகைப் பௌர்ணமியில் சமணர்களின் பாரசநாதர் ஊர்வலம் நகரின் நடுவே வருகிறது. அதற்கும் பேண்டு உண்டு. வாசிப்பவர்களில் பெரும்பங்கினர் பிகாரிலிருந்து வரும் முஸ்லிம்கள். வாசிப்பது இந்துக் கல்யாணத்தில், சமண ஊர்வலத்தில், காளி விசர்ஜனத்தில். இதைப் பற்றி இந்தத் தெருவில் யாரும் பெருமையும் பேசுவதில்லை, வியப்பும் கொள்வதில்லை.

தமிழ் வாசகருக்கு இதில் எதுவும் அந்நியமல்ல. லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறிய தமிழர்கள் முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் தேடினாலும் ஜானவாசம் என்றால் பேண்டு வேண்டுமென்பது ஊர் வழக்கம். திறந்த காரும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் போனாலும் பேண்டு வாத்தியம் பல குடும்பங்களின் நினைவில் அப்படியே நிற்கிறது. இன்னும் பின்னால் போனால், 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் ஐரோப்பிய பாணி பேண்டு இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். 'நோட்டு ஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்றுத்தரப்படுவது அதுதான். பட்டாளத்து வாத்தியத்தை வீட்டு விசேஷத்துக்கு இழுத்து வந்ததில் தெற்கு பின்தங்கவில்லை.

கொல்கத்தாவிலும் கதை அதேதான். கோட்டையில் பட்டாளம் இருந்தது, பட்டாளத்தில் பேண்டு இருந்தது. ஈடன் கார்டன் பூங்காவில் மேடை போட்டு மாலை வேளைகளில் வெள்ளைக்காரர்களுக்காக வாசித்தார்கள். அதைக் கேட்ட ஜமீன்தாருக்கும் வணிகருக்கும் தம் வீட்டுக் கல்யாணத்திலும் அந்த முழக்கம் வேண்டும் என்று ஆசை பிறந்தது. வாத்தியத்துக்குச் சீமைக்குப் போக வேண்டிய அவசியமும் தீர்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் ஜாலி கோட்டி பகுதியில், 1885-ல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனியைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. நாட்டின் பேண்டுகள் ஊதும் பித்தளையில் பெரும்பங்கு அந்த ஊர்ச் சரக்கு.

சரி, ரசிகர்கள் என்னதான் சண்டை போடுகிறார்கள்?

முதலில் பாட்டு. பழைய கட்சிக்காரர்களுக்கு ஒரு நிலையான பட்டியல் உண்டு. 1957-ல் வந்த 'நயா தௌர்' படத்தின் பாங்க்ரா மெட்டு புறப்பாட்டுக்கு. 1966-ன் 'சூரஜ்' படத்தின் மலர் தூவும் பாட்டு பெண் வீட்டு வாசலுக்கு. 1954-ன் 'நாகின்' படத்துப் பாம்பு மெட்டு வந்தால் கைக்குட்டையை வாயில் கவ்வி யாராவது தரையில் புரண்டே தீருவார்கள். அந்த மெட்டில் கொல்கத்தாவுக்குத் தனி உரிமை. இசையமைத்தவர் இந்தி உலகில் ஹேமந்த் குமாராகப் போன ஹேமந்த முகர்ஜி. மகுடி போல ஒலித்தது மகுடியே அல்ல, கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் என்ற மின்சார வாத்தியம். மின்சாரத்திலிருந்து வந்ததைக் கிளாரினெட் பிறகு தன்னுடையதாக்கிக்கொண்டது என்பது சின்ன வேடிக்கை.

இப்போது அதே மின்சாரம்தான் தகராறு. பேண்டின் நடுவே ஒரு தள்ளுவண்டி வருகிறது. அதன் மேல் கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர், நாலு பக்கமும் ஸ்பீக்கர், சில நேரம் மைக் பிடித்த பாடகர். புதுப் பாட்டின் பேஸ் அதிர்வை டிரம்பெட்டால் தர முடியாது என்பது இளைய கூட்டத்தின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆடுகிறவர்கள் அவர்கள்தான், காசும் அங்கிருந்துதான். வண்டி வந்த பிறகு மற்றவர்கள் ஊதினாலும் ஊதாவிட்டாலும் ஒன்றுதான் என்பது பழைய கூட்டத்தின் பதில். இதிலும் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே. ஸ்பீக்கர் ஏறியதும் 'நிற்கிற ஆள்' எண்ணிக்கை கூடுவதற்கு வழி திறந்துவிடுகிறது. அடுத்த படி, ஆளே வேண்டாம், டிஜே வண்டி போதும் என்பது.

இந்தச் சண்டை கொல்கத்தாவுக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் கோடைதோறும் கால்பந்து மைதானங்களில் போட்டியிடும் 'டிரம் கோர்' குழுக்கள் பித்தளையும் டிரம்மும் மட்டுமே வாசித்து வந்தன. 1972-ல் அமைந்த டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் 2004-ல் மைக்கை அனுமதித்தது, 2009-ல் சிந்தசைசரையும். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிளந்தார்கள். 2016-ல் தொப்பியையும் பட்டாளத்துக் கோட்டையும் கழற்றிப்போட்டு வந்த ஒஹாயோ மாநிலத்தின் ப்ளூகோட்ஸ் முதல் முறையாகப் பட்டம் வென்றபோது சீருடைச் சண்டையும் சேர்ந்துகொண்டது. நிர்வாகம் சறுக்கினால் புகழ் காப்பாற்றாது என்பதற்கும் அங்கே உதாரணம் இருக்கிறது. 1934-ல் பிறந்து பல பட்டங்கள் வாங்கிய கேடட்ஸ் குழு வழக்கும் பணமுடையும் நெருக்க 2024-ல் மூடப்பட்டது. ஒரு வித்தியாசம். அங்கே வாசிக்கும் இளைஞர்கள் பணம் கட்டிச் சேர்கிறார்கள். இங்கே வாசிப்பவர் அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறார்.

சீருடையை எடுத்துக்கொண்டால், கொல்கத்தாவின் புழுக்கத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட கனத்த கோட்டு எந்த டாக்டரும் பரிந்துரைக்காதது. தோளில் குஞ்சம், மார்பில் சரிகைக் கயிறு, தலையில் இறகு வைத்த தொப்பி. பட்டாளம் போய்ப் பல காலமாகியும் அதன் உடுப்பு பேண்டுக்காரர் முதுகில் இருக்கிறது. சிலர் ராஜஸ்தானித் தலைப்பாகைக்கும் ஷெர்வானிக்கும் மாறிவிட்டார்கள். அது மாப்பிள்ளையின் உடையோடு போட்டி போடுகிறது என்று வாடிக்கையாளர் முணுமுணுப்பதுண்டு. ரசிகர்களின் புகார் வேறு: கோட்டு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்ததல்ல. கடைக்குச் சொந்தமானது. அன்று யார் வருகிறாரோ அவர் மாட்டிக்கொள்கிறார். கை நீளம் மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும். காலில் சீருடை இல்லை, ரப்பர் செருப்பு. காலைப் பார்த்தே பார்ட்டியின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்பது பாதசாரிகளின் விதி. ஜனவரி 26 அன்று ரெட் ரோடு அணிவகுப்பில் போலீஸ் பேண்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உறுத்துகிறது. அரசாங்க பேண்டுக்கு மாதச் சம்பளமும் பூட்ஸும் உண்டு என்பதை அந்தக் கண் மறந்துவிடுகிறது.

பூட்ஸைப் பற்றிய பேச்சு கடைசியில் பணத்தில்தான் வந்து முடிகிறது. மழைக்காலம் தொடங்கி நான்கு மாதம் வட இந்திய வழக்கில் முகூர்த்தம் கிடையாது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை நமது மார்கழி போல அங்கே 'கர்மாஸ்'. அப்போதும் கல்யாணம் இல்லை. மிஞ்சுவது சில மாதங்கள், அவற்றிலும் சில தேதிகள். நல்ல முகூர்த்த நாளில் நகரம் முழுக்க எல்லோருக்கும் ஒரே மாலையில் பேண்டு வேண்டும். மறுநாள் யாருக்கும் வேண்டாம். ஆகவே முதலாளி சீஸனுக்கு முன்பே கிராமத்துக்குப் பணம் அனுப்பி ஆளைப் பிடித்து வைக்கிறார். இது 'பேஷ்கி' என்னும் முன்பணம். வாங்கியவர் சீஸன் முழுக்க அந்தக் கடையோடு கட்டுப்பட்டவர். கடையின் பின்புறமோ பரணோ படுக்கும் இடம். பஞ்ச மாதத்தில் வீட்டுக்குச் சோறு போடுவதும் அந்த முன்பணம், நல்ல மாதத்தில் வேறு கடைக்குப் போகவிடாமல் தடுப்பதும் அதே முன்பணம். முதலாளி தரப்புக்கும் சுமை உண்டு: வாடகை, லைசென்ஸ், வாங்கிவிட்டு ஊரிலேயே தங்கிவிடும் ஆள். ஆனால் நஷ்டம் வந்தால் எந்தப் பக்கம் முதலில் பட்டினி கிடக்கும் என்பதில் சந்தேகமில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு பூட்டப்பட்டபோது அது தெரிந்தது. கல்யாண சீஸன் தொடங்கவேண்டிய நேரம். ஊர்வலமே கூடாது என்றான பின் பேண்டு எதற்கு? 2021-லும் இரண்டாம் அலை கோடை முகூர்த்தங்களைக் கொண்டுபோனது.

மாஸ்டர் என்று அழைக்கப்படும் தலைவருக்கும் பக்கவாட்டில் டிரம் அடிப்பவருக்கும் கூலியில் பெரிய இடைவெளி. ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் தலையைச் சுற்றி நீட்டப்படும் நோட்டுகள் யாருக்கு என்பதும் தீராத கேள்வி. பொதுப் பையில் போட்டுப் பங்கு பிரிக்கும் பார்ட்டியும் உண்டு. எட்டிப் பிடித்தவருக்கே என்பதும் உண்டு. இரண்டாவது வகையில், நோட்டு நீளும் பக்கமெல்லாம் டிரம்பெட் சாய்ந்து மெட்டு சந்துக்குள் காணாமல் போகும்.

இதே நகரம் வேறொரு மேளக்காரரை வேறு விதமாக நடத்துகிறது. துர்கா பூஜைக்கு நாலு நாள் முன்பு சியால்தா நிலைய வாசலில் டாக்கிகள் கூடுகிறார்கள். முர்ஷிதாபாத், பாங்குரா, நதியா கிராமங்களிலிருந்து இறகு சொருகிய பெரிய 'டாக்' மேளங்களோடு, கூடவே கஞ்சி தட்டும் பையனோடு. பந்தல் கமிட்டிக்காரர்கள் அடிக்கச் சொல்லிக் கேட்டு, பேரம் பேசி, அழைத்துப் போகிறார்கள். கூலி அவர்களுக்கும் பெரிதல்ல. ஆனால் மரியாதை வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தா துர்கா பூஜையைத் தன் பட்டியலில் சேர்த்தது. வட 24 பர்கானாவின் மச்லந்தபூரைச் சேர்ந்த கோகுல் சந்திர தாஸ் பெண்களுக்கு டாக் கற்றுக்கொடுத்துத் தனிக் குழுவே அமைத்தார். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. தமிழ்நாட்டில் கிளாரினெட்டைக் கச்சேரி மேடையில் உட்காரவைத்த ஏ.கே.சி. நடராஜனுக்கும் 2022-ல் அதே விருது. தெருவில் நடந்துகொண்டே கிளாரினெட் வாசிப்பவருக்கு மட்டும் யாரும் நாற்காலி போடவில்லை.

டாக்கும் மேளம், பாஸ் டிரம்மும் மேளம். ஒன்று மண்ணின் கலை, மற்றது வாடகைக் கூச்சல் என்று பிரிப்பது எளிது. நூறாண்டுக்கு மேல் ஒரு நகரத்தின் கல்யாணங்களை நடத்தி வைத்த வாத்தியம் எப்போது அந்த மண்ணுடையதாகும் என்று பேண்டு ரசிகர்கள் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

இரவு மணி பத்தை நெருங்குகிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. தள்ளுவண்டி ஸ்பீக்கர் அணைகிறது. கல்யாண மண்டபத்தின் வாசலில் கடைசியாக ஒரு முறை 'சூரஜ்' பாட்டு. இப்போது வெறும் பித்தளை. வேடிக்கை பார்க்கும் முதியவர் திண்ணையிலிருந்து எழுந்து இரண்டடி முன்னால் வருகிறார். மாப்பிள்ளை உள்ளே போகிறார். பேண்டு வாசலோடு நிற்கிறது. உள்ளே போவது வழக்கமில்லை. விளக்குகளைக் கழற்றி அடுக்கி, வேனில் ஏறி, மகாத்மா காந்தி சாலைக்குத் திரும்பி, வியர்வையில் நனைந்த கோட்டுகளை அதே ஆணிகளில் மாட்டுகிறார்கள். நாளையும் முகூர்த்தம். காய நேரமில்லை.