மரத்தடியில் சாப்பாடா? பொறுக்காத புச்சிபாபு!

சம்பா அறுவடை முடிந்தால் போதும். முத்துப்பேட்டைப் பக்கத்து வயல்களில் பையன்கள் மட்டையும் பந்துமாக இறங்கிவிடுவார்கள். தாளை மிதித்துச் சமன் செய்தால் அதுவே ஆடுகளம்!

பந்து வாங்கக் காசு சேர்ப்பது, யார் யார் ஆடுவது என்று சொல்வது, பக்கத்து ஊரோடு ஆட்டம் பேசுவது எல்லாவற்றுக்கும் ஓர் அண்ணன் இருப்பார். அவர் இல்லாவிட்டால் குழுவே இல்லை.

அமெரிக்கக் கால்பந்துக் குழுக்களில் இந்த வேலைக்குப் பெரிய சம்பளத்தில் நிர்வாகிகள் இருக்கிறார்கள். சென்னையில் இதையே கைக்காசைச் செலவழித்துச் செய்தார் ஒருவர். அவர்தான் புச்சிபாபு நாயுடு.

உள்ளே வராதே!

வெள்ளைக்காரர்கள் 1846-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் தொடங்கினார்கள். சேப்பாக்கத்தில் அவர்களுக்கு மைதானமும் இருந்தது. அங்கே ஆடப்போன இந்தியர்கள் கிளப் கட்டிடத்துக்குள் நுழையக்கூடாது. வெள்ளைக்காரர்கள் உள்ளே சாப்பிட, இந்தியர்கள் மரத்தடியில் சாப்பிட வேண்டும்.

செல்வக் குடும்பத்தில் வளர்ந்த புச்சிபாபுவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் சண்டைக்குப் போகவில்லை. 1888-ல் இந்தியர்களுக்கென்று 'மெட்ராஸ் யுனைடெட் கிளப்'பை ஏற்படுத்தினார். அப்போது அவருக்கு வயது சுமார் 20.

இடம் பிடித்தார். மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்தார். திறமையுள்ள இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பழக்கினார்.

காணாத கண்கள்

இந்தியர்களும் வெள்ளைக்காரர்களும் சரிசமமாக மோத வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரு தரப்பும் இசைந்தன. 1908 டிசம்பரில் ஆட்டம் என்று முடிவாயிற்று.

ஆனால் அந்த ஆட்டத்தைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குச் சற்று முன்பே காலமானார்.

அவர் போட்ட விதை வீணாகவில்லை. 1915-க்குப் பிறகு அந்த ஆட்டம் பொங்கல் திருவிழா போல் நடந்தது. 1952 வரை நீடித்தது. அவருடைய மகன் சி. ராமசாமி 1936-ல் தமது 40-வது வயதில் இங்கிலாந்தில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். மான்செஸ்டரில் அவர் எடுத்த ஓட்டங்கள் 40, 60. அவர் டேவிஸ் கோப்பை டென்னிசிலும் இந்தியாவுக்கு ஆடியவர்!

1909-ல் தொடங்கிய புச்சிபாபு நினைவுப் போட்டி, இடையில் நின்று 2023-ல் மீண்டும் தொடங்கியது.

ஓட்டம் எடுத்தவர் பெயரைப் பலகை காட்டும். குழுவைக் கட்டியவர் பெயரை ஊர்தான் நினைவில் வைக்க வேண்டும்.