பந்தை எங்கே அடிப்பது?



டென்னிஸ் என்றாலே பலம்தான், வேகமாக அடிக்கிறவங்கதான் ஜெயிப்பாங்க என்று நிறைய பேர் நினைக்கிறோம். அது அப்படியில்லை என்று நம் தமிழ்நாட்டு அப்பாவும் மகனும் காட்டியிருக்கிறார்கள். அப்பா ராமநாதன் கிருஷ்ணன். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். 1960, 1961 இரண்டு வருடமும் அங்கேயே பெரியவர்கள் பிரிவில் அரையிறுதி வரை போனார். மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வாங்கினார். ரமேஷின் சர்வீஸ் ரொம்ப மெதுவாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், உலகின் முதல் இடத்தில் இருந்த மேட்ஸ் விலாண்டரை இரண்டாவது சுற்றிலேயே தோற்கடித்தார்! எதிராளி அடித்த வேகத்தையே வாங்கி, பந்தை அவர் இல்லாத இடத்துக்கு அனுப்புவதுதான் ரமேஷின் ஆட்டம்.

அந்த இடத்தை எப்படிப் பார்ப்பது? (நம்ம பள்ளியில் டென்னிஸ் கோர்ட்டே இல்லையே என்று கேட்காதீங்க. வளையப்பந்துக்கும் வருகிறேன்.)

டென்னிஸில் ஒற்றையர் கோர்ட் நீளம் 78 அடி, அகலம் 27 அடி. ஓரத்தில் நின்று நேராக அடித்தால் பந்துக்குக் கிடைப்பது 78 அடி. மூலைக்கு மூலை குறுக்கே அடித்தால்? நம்ம பிதாகரஸ் தேற்றம்தான். 78-ன் வர்க்கம் 6084. 27-ன் வர்க்கம் 729. கூட்டினால் 6813, அதன் வர்க்கமூலம் சுமார் 82½. நாலரை அடி லாபம்! நேரா அடிச்சா கோட்டுக்கு வெளியே போகிற பந்து குறுக்கே அடிச்சா உள்ளே விழும். அதோடு வலையின் உயரம் ஓரத்தில் மூன்றரை அடி, நடுவில் 3 அடிதான். குறுக்கே போகிற பந்து தாழ்ந்த இடத்தைத் தாண்டிப் போகிறது.

அதனால் ஓடிப்போய் தடுமாறி எடுக்கிற பந்தைக் குறுக்கே, கொஞ்சம் உயரமாக அனுப்பணும். அது விழுவதற்குள் நாம் நடுவுக்குத் திரும்பிடலாம். நேராக அடிக்க இரண்டு விஷயம் சேர்ந்து வரணும். அந்தப் பக்கம் காலியா இருக்கணும், நம்ம காலும் நிலையா நிற்கணும்.

வளையப்பந்தில் வலை முழுக்க ஒரே மட்டம், அதனால் நடுவில் தாழ்வு என்ற லாபம் கிடையாது. குறுக்கு நீளம் மட்டும் அப்படியே இருக்கு. ஆனால் இதில் வேறொரு சங்கதி உண்டு. வளையத்தை ஒரு கையால்தான் பிடிக்கணும், பிடித்த கையாலேயே உடனே எறியணும். எதிரே இருப்பவள் வலது கைக்காரியா? இடது பக்கம் போடுங்க. இடது கையால் எறிந்தால் வளையம் வேகமில்லாமல்தான் திரும்பி வரும். நகர்ந்து போய் வலது கையால் பிடித்தாளா? அவளுக்கு வலது பக்கம் காலி! அடுத்த வளையம் அங்கேதான்.

நம்ம டீமில் உயரமாக இருந்த அக்காக்கள் எல்லாம் பத்தாவது முடித்துப் போயிட்டாங்க. இந்த வருடம் குறுவட்டப் போட்டிக்குப் போகப் போவது குட்டையான நாங்கதான். வேகத்தில் யாரையும் முந்த முடியாது. அதனால் எங்க வீட்டுத் தறியிலிருந்து காலி நூல் கோன் நாலு கொண்டு வந்திருக்கேன். மூலைக்கு ஒன்று வைத்து, சாயங்காலம் மணி அடித்த பிறகு ஆளுக்கு 20 தடவை எறிகிறோம். நேற்று அதிகபட்சம் 6 தடவைதான் கோன் விழுந்தது. எறிந்தது ஏழாவது படிக்கிற பொண்ணு! வருகிறவங்க வாங்க, ஆனால் வளையம் இரண்டுதான் இருக்கு.

– 9-ஆம் வகுப்பு மாணவி