பாம்புக்குப் பதில் ஒரு பானை

மெக்சிகோவில் 16ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட மெண்டோசா ஏடு இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் அஸ்டெக் அரசர்கள் பாயில் அமர்ந்திருக்கிறார்கள். பேசும் அதிகாரத்துக்கு அடையாளமாக வாயருகே ஒரு சுருள். தலையில் நீலமணி பதித்த கூரிய பட்டம். முகங்களில் பெரிய வேறுபாடு கிடையாது. இவர் இன்னார் என்று சொல்வது, தலையோடு கோடிழுத்து இணைத்த சிறு குறிதான்.

சிமல்போபோகாவுக்குப் புகையும் கேடயம். அக்காமாபிச்ட்லிக்கு நாணல்களைப் பற்றிய கை. இட்ஸ்கோவாட்லுக்கு உடம்பெல்லாம் கத்திமுனைகள் முளைத்த பாம்பு. அஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழியில் 'இட்ஸ்ட்லி' எரிமலைக் கண்ணாடி, 'கோவாட்ல்' பாம்பு. இதுவரை படத்தைப் பார்த்தே பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் இட்ஸ்கோவாட்ல் என்ற இதே பெயரைப் பாம்பே இல்லாமலும் எழுதியிருக்கிறார்கள்: கண்ணாடி அலகு, ஒரு பானை, நீர். பானை 'கோமிட்ல்'; அதிலிருந்து 'கோ'. நீர் 'ஆட்ல்', அதிலிருந்து 'ஆ'. சேர்த்துப் படித்தால் இட்ஸ்-கோ-ஆ. கடைசி 'ட்ல்' எழுதப்படவில்லை. மொழி தெரிந்தவர் வாயில் அது தானாக வந்துவிடும். பானைக்கும் பெயரின் பொருளுக்கும் எந்த உறவும் இல்லை. ஒலிக்காக மட்டுமே அது அங்கே நிற்கிறது. இதைப் பார்த்த பிறகும் வெறும் சித்திரம் என்று இதை ஒதுக்குவது பெரும் அநியாயம். இது எழுத்து.

பதவிப் பெயர்களுக்கும் இதே முறைதான். 'ட்லகோச்கல்கட்ல்' என்ற படைத்தலைவர் பதவிக்கு வீடும் எறியீட்டிகளும் வரைவார்கள். 'சிவாகோவாட்ல்' பதவிக்குப் பெண் தலையும் பாம்பும். எனக்கு மிகவும் பிடித்தது நீலமணிப் பட்டம். அரசர் தலையில் இருந்தால் அது அணிகலன். தனியே பெயர்க்குறியாக நின்றால் 'பிரபு' என்ற சொல். அஸ்டெக் அரசர் மொக்டெசூமாவின் பெயருக்குள் அந்தச் சொல் இருப்பதால், பட்டத்தை மட்டும் வரைந்தே அவர் பெயரை எழுதிவிட்டார்கள்.

ஸ்பானியர் வந்த பிறகும் எழுத்தர்கள் தயங்கவில்லை. அரசப் பிரதிநிதி மெண்டோசாவின் பெயருக்கு ஆனைக்கற்றாழையும் வளை தோண்டும் ஒரு கொறிவிலங்கும் வரைந்தார்கள். முதலாவது 'மெட்ல்', அடுத்தது 'டோசான்'. ஸ்பானியப் பெயருக்கு நாவாட்லில் இதைவிட நெருக்கமான ஒலி கிடைப்பது கடினம்.

அரசர்களோடு இது நின்றுவிடவும் இல்லை. 1560இல் வெஹோட்சிங்கோ பகுதியில் எடுத்த குடிக்கணக்கில் ஆயிரக்கணக்கான சாதாரண மக்களின் பெயர்கள் இதே முறையில் எழுதப்பட்டுள்ளன. அந்த ஏடு பாரிஸில், பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ளது.