கறுப்புக் கோட்டுக்கு முந்தைய வேலை

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் சிறையிலேயே கிடக்கும் விசாரணைக் கைதிகள் இந்தியாவில் உண்டு. பிணை நிற்க ஆள் இருக்காது, அல்லது வீட்டாருக்குச் சேதியே போயிருக்காது. இதற்காகவே உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சில வழிமுறைகளை வகுத்தது. அதன்படி உத்தரவின் நகல் உடனுக்குடன் மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். 7 நாளில் கைதி வெளிவராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ஒரு சட்டத் தன்னார்வலரையோ சிறைக்குச் சென்றுவரும் வழக்கறிஞரையோ அனுப்பித் தடை என்னவென்று விசாரிக்கச் செய்யலாம். அந்தத் தன்னார்வலராகச் சட்டக் கல்லூரி மாணவரும் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நம் கல்லூரிகளில் பொதுநலப் பணி என்றால் பெரும்பாலும் விழிப்புணர்வு முகாம்தான். ஒரு பேனர், ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு குழுப் படம். மாணவரின் உழைப்பு போக வேண்டிய இடம் அதுவல்ல. உரிமை ஏட்டில் இருந்தும் ஆளைச் சென்று சேராமல் நிற்கிற இடம்.

அந்த இடைவெளி பழையது. இலவச சட்ட உதவி அரசின் கடமை என்று சொல்லும் 39அ பிரிவு 1976-இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்தது. வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்கத் தெரியாத ஏழையை வழக்கறிஞர் இல்லாமலே விசாரித்துத் தண்டித்தது செல்லாது என்று 1986-இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் உள்ளிட்டோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. வருமான வரம்பு மற்றவர்களுக்குத்தான். சொந்தமாகச் சம்பளம் வாங்கும் பெண்ணும் கேட்கலாம் என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? இதே சட்டம்தான் சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்கள் அமைவதை ஊக்குவிக்கும் பொறுப்பையும் தேசிய ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது.

மாணவர் அங்கே என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவின்படி, முன்பு தண்டனை பெறாத ஒருவர், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்திருந்தால் அவரைப் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய சாதாரணத் திருட்டு வழக்கென்றால் முதல்முறை சிக்கியவருக்கு ஓராண்டு போதும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவில் விடுதலை இல்லை. விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். ஆனால் ரிமாண்ட் தேதியையும் வழக்கின் பிரிவுகளையும் எடுத்து வைத்து, யாருக்கு நாள் நிறைந்துவிட்டது என்று பட்டியல் போட இரண்டாமாண்டு மாணவரால் முடியும்.

அரைகுறைப் படிப்பை ஏழைகள் மீது சோதித்துப் பார்ப்பதா என்பார்கள். நியாயமான அச்சம்தான்; சட்டமும் அதையே சொல்கிறது. பதிவு பெறாதவர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தினால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. அதைவிடக் கவனிக்கப்படாத ஆபத்து ஒன்று உண்டு. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற சாட்சியச் சட்டப் பாதுகாப்பு, வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பொருந்தும். தானாகப் போய்க் கதை கேட்கும் மாணவருக்கு அந்தக் கவசம் உண்டென்று நம்ப முடியாது. ஆகவே நடந்ததைக் கேட்டு எழுதுவது, ஆவணம் திரட்டுவது, விண்ணப்பம் நிரப்புவது ஆகியவை மாணவரின் வேலை. “மேல்முறையீடு செய்யுங்கள்”, “சமாதானமாகப் போங்கள்” என்று சொல்வது மேற்பார்வை செய்யும் வழக்கறிஞரின் வேலை. இந்தக் கோட்டைத் தாண்டி ஒரு மாணவர் சொன்ன தவறான யோசனையால் கெடு நாள் தவறிப்போனால் இழப்பு மாணவருக்கில்லை.

கூலியில்லாத வேலை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே என்ற கேள்வி இன்னும் கனமானது. டெல்லியில் அறை எடுத்துத் தங்கிச் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கு அது முழுக்கப் பொருந்தும். ஆனால் பார் கவுன்சில் விதிகள் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் பயிற்சியை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கின்றன. அதில் ஒரு பகுதியைச் சொந்த ஊரின் வட்ட சட்டப்பணிகள் குழுவில் கழித்தால் செலவு பஸ் கட்டணத்தோடு போகும். தன்னார்வலர்களுக்கு மதிப்பூதியமும் உண்டு; அது உரிய நேரத்தில் வர வேண்டும் என்று கல்லூரிகள்தான் கேட்டு வாங்க வேண்டும். அரசு செய்ய வேண்டியதை மாணவர் தலையில் கட்டுவதா என்போருக்குப் பதில், மாணவர் போடும் பட்டியலே அரசை நோக்கிய கேள்வி என்பதுதான். கைதியின் விடுதலை எத்தனை நாள் தாமதமானது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாதவரை யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது.

உதவி தேவைப்படுவோர் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும். ஆணைக்குழு நியமித்த வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் தேதியோடு குறித்துவைத்துப் புகார் கொடுங்கள். மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. புகாரை நேரே அவர் பெயருக்கே எழுதலாம்.