விலையும் மதிப்பும்

பத்து ரூபாய்க்கு விற்ற பண்டம் ஐந்து ரூபாய்க்குக் கிடைப்பின் அதனை மலிவென்போம். கம்பெனிப் பங்குகளின் திறத்தில் இவ்வெண்ணம் பலரை இடருட்படுத்துகின்றது. விலை இறங்குதல் வேறு. மதிப்பினும் விலை குறைந்திருத்தல் வேறு. இவ்வேற்றுமையை ஓர் உதாரணத்தால் விளக்க முயல்வோம்.

தியாகராய நகர்க் கடையொன்றிற் கட்டிய பார்சலை நாட்டின் மறுகோடியிலுள்ள வீட்டு வாயிலிற் சேர்ப்பிக்கும் கம்பெனிகளுள் ஒன்று டெல்ஹிவரி. 2011-இல் தோன்றிய இக்கம்பெனியின் பங்குகள், 2022 மே மாதத்தில் ஒன்று 487 ரூபாயாகப் பொதுமக்களுக்கு விற்கப்பெற்றன. திரண்ட தொகை 5,235 கோடி ரூபாய். அதில் 4,000 கோடியே கம்பெனிக்குச் சேர்ந்தது. எஞ்சியது தம் பங்கில் ஒரு பகுதியை விற்ற பழைய பங்குதாரர்க்குச் சென்றது. 2025 மார்ச்சில் பங்கின் விலை 250 ரூபாய்க்கும் கீழிறங்கிற்று. ஏறத்தாழப் பாதி விலை! அது மலிவுதானா?

ஒரு பங்கின் விலையை விடுத்துக் கம்பெனி முழுவதின் விலையை நோக்குவோம். பங்குகள் சுமார் 74 கோடி; ஒன்று 250 ரூபாயெனின் முழுவிலை 18,500 கோடி. கம்பெனியின் கையில் ரொக்கமும் முதலீடுமாக 5,000 கோடிக்கு மேல் இருந்தது. அதனைக் கழித்தால், பார்சல் சுமக்கும் தொழிலுக்குச் சந்தை இட்ட விலை ஏறத்தாழ 13,000 கோடி என்பது விளங்கும்.

அத்தொழில் ஈட்டியது யாது? 2022-23-இல் நஷ்டம் 1,008 கோடி. மறு ஆண்டில் 249 கோடி. 2024-25-இல் இலாபம் 162 கோடி. நோய் நீங்கி எழுந்தது போன்ற தோற்றந்தான். ஆயினும் அவ்வாண்டில் வட்டி முதலிய பிற வருவாய் மட்டும் 400 கோடிக்கு மேல். அதனை நீக்கிப் பார்ப்பின், சுமைத்தொழில் இன்னும் நஷ்டத்திலேயே நின்றமை புலனாகும்.

எனினும் நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. அடையாற்றுத் தெருவொன்றுக்கு ஒரு பார்சலுடன் செல்லும் வண்டிக்கும் பத்துடன் செல்லும் வண்டிக்கும் எண்ணெய்ச் செலவு பெரிதும் வேறுபடாது. வருவாயோ பத்து மடங்கு. வண்டிகள் நிரம்ப நிரம்பத் தொழில் தேறும். மீஷோ போன்ற பெருங்கடைகள் தமக்கெனச் சுமைவழி அமைத்துக்கொள்ளின், அவ்வண்டிகள் நிரம்பாமற் போதலுங் கூடும்.

ஆகவே அந்த 13,000 கோடி, இருக்கும் வருவாய்க்கு இட்ட விலையன்று. வருமென்று எதிர்பார்த்த வருவாய்க்கு இட்ட விலை. அதே ஆண்டில் பங்கு 400 ரூபாயைக் கடந்தது; துணிந்து வாங்கினோர் பயன் பெற்றனர். அதனால் அவர் வாங்கியது நம்பிக்கையே என்னும் உண்மை மாறிவிடாது. பாதி விலையென்ற ஒன்றே கண்டு அதனை மலிவென்று துணிதற்கில்லை என்பதே நம் கருத்து.

இந்நகரத்தார்க்கு இது புதிய பாடமன்று. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதன் பெரும்பெயரை நம்பிச் சேமிப்பை ஒப்புவித்த குடும்பங்கள் பல கலங்கின. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது அவ்வீழ்ச்சிக்குப் பின்னரே. அன்று பலர் பெயரைக் கண்டு மயங்கினர். இன்று விலைச்சரிவைக் கண்டு மயங்குகின்றோம். தந்தையின் ஓய்வூதியத்தையோ தங்கையின் படிப்புப் பணத்தையோ பங்கிலிட எண்ணுவோர், விலைப்பட்டியலைப் பார்க்குமுன் கணக்கேட்டைப் புரட்டுவாராக.