கினிப்பன்றிக்கு வந்த மூட்டுவலி

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் விடியுமுன் லாரிகளிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்கும் கூடைகளுக்கும் நடுவே, ஆயக்குடிக் கொய்யாவும் குடமிளகாயும் கொத்தமல்லிக் கட்டுகளும் யாரும் விசேஷமாகத் திரும்பிப் பார்க்காத சாமானிய வஸ்துக்களாகவே கிடக்கின்றன. ஆனால் கூண்டின் மூலையில் பின்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, தீனித் தட்டு இரண்டடி தூரத்தில் இருந்தும் எழுந்து வர மறுக்கிற ஒரு கினிப்பன்றியை வீட்டில் வைத்துக்கொண்டு கவலைப்படுகிறவருக்கு, அதன் வியாதி தீரக்கூடியதா, தாங்கிக்கொண்டு வாழவேண்டியதா என்பதைப் பிரித்தறிய உதவும் முதல் மருந்து அந்தக் கூடைகளில்தான் இருக்கிறது.

கினிப்பன்றி என்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுப் பிராணியாகப் பழக்கிவிட்ட ஒரு கொறிவிலங்கு. ஏறத்தாழ ஒரு கிலோ எடையும் ஐந்து முதல் எட்டு ஆண்டு ஆயுளும் உடையது. மூன்று நான்கு வயதைத் தாண்டிய ஒன்று, முன்போலத் துள்ளிக் குதிக்காமல், காலையில் விறைப்போடு அடியெடுத்து வைத்து, தூக்கும்போது கீச்சென்று கத்தினால், வீட்டார் வழக்கமாகச் செய்கிற முடிவு, "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்பது. அந்த முடிவு பல சமயங்களில் சரியாக இருக்கலாம். ஆனால் அதை முதலில் எடுப்பது தவறு. பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகிற ஜாதியில் பிறந்த பிராணி தன் வேதனையை வெளிக்காட்டினால் பிழைக்காது என்பதால், நோவை மறைப்பது அதன் சுபாவமாகவே ஆகிவிட்டிருக்கிறது. சுண்டெலியின் முகத்தில் கண் இடுங்குவதையும் கன்னம் உப்புவதையும் காது பின்வாங்குவதையும் கொண்டு வலியை அளக்கலாம் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் 2010இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள் என்றால், அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலொழிய அந்த வலி கண்ணில் படாது என்றுதான் அர்த்தம். ஆகவே நமக்கே தெரியும்படி ஒரு கினிப்பன்றி நொண்டுகிறது என்றால், உபத்திரவம் தொடங்கிச் சில காலம் ஆகிவிட்டது என்று கொள்வதே விவேகம்.

இங்கேதான் அதன் சரீரத்தில் உள்ள ஒரு விசித்திரமான குறையை நினைவுகூர வேண்டும். நாயும் பூனையும் மாடும், ஏன், சாதாரண எலியும் கூட, தமக்கு வேண்டிய வைட்டமின் சி சத்தைத் தம் உடலிலேயே உற்பத்தி செய்துகொள்கின்றன. அந்த ரசாயனக் கிரியையின் கடைசிப் படியை நடத்தும் என்சைம் மனிதனுக்கும் குரங்குக்கும் சில வௌவால்களுக்கும் கினிப்பன்றிக்கும் இல்லை. நால்வரும் ஆகாரத்தையே நம்பி வாழ்கிறார்கள். இந்த உண்மை தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. நார்வே நாட்டில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்ற இருவர், கப்பல்களில் மாலுமிகளைத் தாக்கிய ஒரு நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டுமே கொடுத்து வளர்த்தபோது, எதிர்பார்த்த நோய் வராமல் ஈறு வீங்கி, மூட்டில் இரத்தம் கசிந்து, எலும்பு முறியும் ஸ்கர்வி என்னும் வேறொரு நோய் அவற்றுக்கு வந்தது. அவர்கள் அதை 1907இல் வெளியிட்டார்கள். ஹங்கேரியில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1932இல், தாம் பிரித்தெடுத்திருந்த ஓர் அமிலமே ஸ்கர்வியைத் தடுக்கும் வைட்டமின் என்று கினிப்பன்றிகளின் துணைகொண்டு நிரூபித்தார். அதை ஏராளமாகப் பெறுவதற்கு அவருக்குக் கைகொடுத்தது அந்நாட்டு மிளகாய், அதாவது நம் குடமிளகாயின் நெருங்கிய உறவு. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் மாகாணமும் இந்தக் கதையில் பங்கு பெறாமல் போகவில்லை. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் என்ற ஆராய்ச்சியாளர் 1918இல் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி நோய் விசாரணையே வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. பல்வேறு பிரதேச மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டி, சீக்கியர் உணவு உண்டவை கொழுத்ததையும் சென்னை மாகாணத்து அரிசி உணவு உண்டவை மெலிந்ததையும் அவர் காட்டியது பிரசித்தம். ஸ்கர்வி உணவை ஊட்டி அதன் விளைவுகளைக் கினிப்பன்றிகளில் அவர் ஆராய்ந்தது அவ்வளவு பிரசித்தமல்ல. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையே, இன்று நாம் கொய்யாவையும் நெல்லிக்காயையும் பற்றிப் பேசும் எண்களுக்கு முன்னோடி.

மூட்டுகளைத் தாங்கும் கொல்லாஜன் என்ற நார்ப்புரதம் முறுக்கேறுவதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது. அது இரண்டு மூன்று வாரம் கிடைக்காமல் போனாலே கினிப்பன்றியின் மூட்டு வீங்கி, அசைந்தால் வலித்து, அது படுத்த படுக்கையாகிவிடும். வெளிப்பார்வைக்கு இதற்கும் முதுமையின் மூட்டுத் தேய்வுக்கும் வித்தியாசம் தெரியாது. கடையில் வாங்கும் கினிப்பன்றித் தீனி வில்லைகளில் இந்தச் சத்து சேர்க்கப்பட்டிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அரைத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதில் பெரும்பகுதி கெட்டுவிடும், நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரமாகவே கெடும். முயல் தீனியில் அதை அறவே சேர்ப்பதில்லை. குடிநீரில் சொட்டு மருந்தாகக் கலப்பதும் வீண். வெளிச்சத்தில் ஒரு நாளுக்குள் பாதிக்கு மேல் அழிந்துவிடும், ருசி மாறியதால் பிராணி தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டால் அது வேறு ஆபத்து.

கிலோ எடைக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் முப்பது மில்லிகிராம் போதும். நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ இருநூறு மில்லிகிராம் இருப்பதால், சுண்டுவிரல் அளவுத் துண்டு ஒன்றே கணக்கைத் தீர்த்துவிடும். சர்க்கரை அதிகமாதலால் அதற்கு மேல் வேண்டவும் வேண்டாம். தினசரி ஆகாரத்துக்குக் குடமிளகாயே மேலானது: இருபத்தைந்து கிராம் கொடுத்தால் போதும், இனிப்பும் குறைவு. கொத்தமல்லியும் முருங்கைக்கீரையும் அகத்தியும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் வாடியதை அல்ல. காலையில் வந்த கட்டை விட, மாலையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கட்டில் சத்துக் குறைவு. நெல்லிக்காயில் சத்து மிகுதி என்றாலும் அதன் துவர்ப்பைப் பெரும்பாலான கினிப்பன்றிகள் ஏற்பதில்லை. ஸ்கர்வியாக இருந்தால், மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமினும் இந்த ஆகாரமும் கிடைத்த ஒரு வாரத்துக்குள் பிராணி எழுந்து நடமாடத் தொடங்குவதைக் காணலாம். அப்படி எழாவிட்டால்தான் தேய்வு என்ற சந்தேகத்துக்கு இடம். அதையும் எக்ஸ்ரே எடுத்தே உறுதி செய்ய வேண்டும்.

சத்துதானே, அதிகமாகக் கொடுத்தால் என்ன கெடுதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எட்டு மாதம் தொடர்ந்து மிகுதியான வைட்டமின் சி பெற்ற கினிப்பன்றிகளின் முழங்கால் தேய்வு, குறைவாகப் பெற்றவற்றை விட அதிகமாகவே இருந்தது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் டங்கின்-ஹார்ட்லி என்ற இனத்தின் முழங்கால் உட்புறக் குருத்தெலும்பு மூன்று மாத வயதிலேயே தானாகத் தேயத் தொடங்குகிறது. மனிதனின் மூட்டுத் தேய்வை ஆராய அந்த இனத்தையே விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக நம்பியிருப்பதும் அதனால்தான். நம் பாட்டிமாருடைய முழங்காலுக்காக எத்தனையோ கினிப்பன்றிகள் நொண்டியிருக்கின்றன. வீட்டில் நொண்டும் ஒன்றுக்கு அந்த அறிவைத் திருப்பிக் கொடுப்பது நியாயமே.

அவ்வறிவில் முதன்மையானது எடை. தீனியைக் குறைத்து மெலிய வைத்த விலங்குகளில் தேய்வு மெதுவாகவே முன்னேறியது. இருந்தாலும், கொழுத்த பிராணியைப் பட்டினி போட்டு மெலிய வைப்பது கூடாது. கினிப்பன்றியின் குடல் ஒரு நாள் வெறுமையாக இருந்தாலே அதன் உயிர் ஊசலாடும். தானியத்தையும் பழத்தையும் வில்லையையும் குறைத்து, புல்லைக் கூட்டுவதே உபாயம். வைக்கோல் நம் பக்கம் மலிவுதான், ஆனால் சத்தற்றது. படுக்கைக்கு ஆகும், பிரதான உணவுக்கு ஆகாது. அருகம்புல்லை நன்றாக அலசிக் கொடுக்கலாம். குதிரைமசால் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாதலால் வளர்ந்த விலங்குக்கு நீர்ப்பையில் கல் உண்டாகும் அபாயம் இருக்கிறது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொள்வது, எந்த மருத்துவப் பரிசோதனையையும் விட முன்னதாக எச்சரிக்கும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்துவிட்டால் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தது தரை. நம் வீடுகளில் பளபளக்கும் டைல்ஸும் கிரானைட்டும் நொண்டும் காலுக்குப் பரம சத்துரு. கம்பித்தளக் கூண்டு அதைவிட மோசம், உள்ளங்காலைப் புண்ணாக்கிவிடும். செய்தித்தாளும் வழுக்கும். பழைய பருத்தித் துண்டை இரண்டு மடிப்பாக விரித்து, அதற்கடியில் துண்டு நகராமல் பிடித்துக்கொள்ளும்படி ஒரு கோரைப்பாயைப் போட்டால் போதும். மாடி வைத்த கூண்டாயின் மாடியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர்க் குழாய் கழுத்தை உயர்த்தாமலே எட்டவேண்டும், தீனியை இரண்டு மூன்று இடங்களில் வைக்கவேண்டும், ஒளிந்துகொள்ளும் பெட்டியின் வாசற்படியை வெட்டி எடுத்துவிட வேண்டும். ஆனால் கூண்டைச் சிறிதாக்கிவிடக் கூடாது. அசையாத மூட்டு இன்னும் விறைக்கும்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் மூட்டுவலிப் பிராணிக்கு வெப்ப ஒத்தடம் கொடுக்கச் சொல்கின்றன. அந்த உபதேசத்தைத் திருச்சியில் பங்குனி, சித்திரையில் அப்படியே அனுஷ்டிப்பவர் பிராணியைக் கொன்றுவிடுவார். முப்பது பாகையைத் தாண்டினாலே வெப்பத்தாக்கு ஏற்படக்கூடிய மலைநாட்டு வம்சம் அது. நாற்பதைத் தொடும் நம் கோடையில் நடமாட முடியாத ஒன்று, நிழலுக்கு நகர்ந்துகொள்ளவும் இயலாது. எனவே காற்றோட்டமான அறையில், ஈரத்துணி சுற்றிய மண்பானையோ குளிர்ந்த ஓடோ அருகில் இருக்கும்படி வைப்பதே முக்கியம். ஒத்தடம் மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் இருக்கட்டும்.

அதிகம் பேசப்படாத துன்பம் ஒன்று உண்டு. கினிப்பன்றி தன் மென்மையான மலத்தை நேரடியாகக் குதத்திலிருந்தே எடுத்துத் தின்பது அருவருப்பாகத் தோன்றினாலும், பி வகை வைட்டமின்களைப் பெற அதற்கு அதுவே முக்கிய வழி. இடுப்பு வளையாத பிராணியால் அவ்வாறு குனிய முடிவதில்லை. சத்தும் போகிறது, பின்புறமும் அழுக்காகிறது, சிறுநீர் படிந்த தோல் வெந்துபோகிறது. நம் சீதோஷ்ணத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்க ஒரு நாள் போதும். தினந்தோறும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் பின்புறத்தைத் துடைத்து உலர்த்துவதும், மடிந்து வளரும் நகங்களை மாதத்துக்கொருமுறை வெட்டிவிடுவதும் மருந்துக்குச் சமமான சிகிச்சைகள். பிராணியைத் தூக்கும்போது ஒரு கையை மார்புக்கடியிலும் மற்றொன்றைப் பின்புறத்துக்கடியிலும் தாங்கலாக வைக்க வேண்டும்.

எலி, ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்களுக்கு வைட்டமின் பரீட்சை பொருந்தாது. அவற்றின் உடல் தானே அதைச் செய்துகொள்கிறது. இரண்டு வயது எலியின் பின்னங்கால் இழுபடுவதற்குப் பெரும்பாலும் நரம்பு நலிவே காரணம். தரை, எடை, சுத்தம் பற்றிச் சொன்னவை மட்டும் அவற்றுக்கும் ஆகும்.

வலி மருந்து வேண்டியிருந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் மெலாக்சிகாமையே தேர்ந்தெடுக்கிறார்கள். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபீனாக் அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளைச் சிறுநீரகம் கெட்டு மடியச் செய்தது வெளிப்பட்டபின், 2006இல் இந்திய அரசு அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தபோது, அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது இதே மெலாக்சிகாம்தான். முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கும் கூண்டில் முடங்கிய கினிப்பன்றிக்கும் இப்படி ஒரு பொதுத்துணை. அளவை எடைக்கேற்ப மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் வாய்வழி சென்றால் அதன் குடல் நுண்ணுயிர்கள் குலைந்து பிராணி இறந்தே போகும். 1940 மே மாதத்தில் ஆக்ஸ்போர்டில் பென்சிலினைச் சோதிக்க எட்டுச் சுண்டெலிகளை எடுத்தார்களே, கினிப்பன்றிகளை எடுத்திருந்தால் அந்த மருந்தை விஷமென்று தள்ளியிருக்கக்கூடும்.

கால்நடை மருத்துவர்களில் நாய், பூனை, ஆடு, மாடு பார்த்துப் பழகியவர்களே அதிகம். சிறு கொறிவிலங்கைப் பார்க்கும் அனுபவம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. திருச்சிக்காரர்களுக்கு ஒரத்தநாடு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எட்டக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. மருந்தும் தரையும் ஆகாரமும் ஒழுங்காக இருந்தும், பிராணி தின்ன மறுத்து, தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள முடியாமல் நாள்களைக் கழித்தால், வலியின்றி விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடமே மனம்விட்டுப் பேசலாம்.

வளர்ப்புப் பிராணி விற்கும் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்லுகின்றன. அக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கினிப்பன்றி வாங்கிப் போகிறவரிடம், தினமும் ஒரு துண்டு குடமிளகாய் கொடுங்கள் என்ற ஒரு வாக்கியத்தை ஒரு சீட்டில் எழுதிக் கூண்டோடு கட்டிக் கொடுத்தால், பாதி நொண்டல் தொடங்குமுன்னமே நின்றுவிடும்.